‘எலும்புத் தேய்மானம்’ என்று சொன்னால் எந்த நோய்?

எலும்பு சிகிச்சைப் பிரிவில் அதிகம் புழங்கும் தமிழ்ச் சொல் ‘தேய்மானம்’. அதிகம் குழப்புவதும் அதுதான். முழங்கால் வலித்தாலும் தேய்மானம், கழுத்து வலித்தாலும் தேய்மானம், ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தாலும் தேய்மானம். இவை மூன்றும் வெவ்வேறு நோய்கள். மருந்து வேறு, கவனிக்க வேண்டியது வேறு. பெயர் ஒன்றாகிவிட்டதால், எல்லாவற்றுக்கும் கால்சியம் மாத்திரை போதும் என்று வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. அத்தைக்கு எழுதிக் கொடுத்ததை அம்மாவும் வாங்கிச் சாப்பிடுகிறார்.

அடர்த்தி குறையும் நோயின் பெயர் ஆஸ்டியோபோரோசிஸ். ‘ஆஸ்டியோ’ என்றால் எலும்பு. ‘போரோசிஸ்’ என்பது துளை விழுந்த நிலை. எலும்புப்புரை என்று தமிழில் எழுதுவது மிகப் பொருத்தம். இங்கே எலும்பு எதனோடும் உராய்ந்து தேய்வதில்லை. உள்ளே இருக்கும் வலைப்பின்னல், கரையான் அரித்த உத்தரம் போல மெலிந்துபோகிறது. எலும்பு உடையும் வரை வலியே இருக்காது. வழக்கமாக உடைவது மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி. முதுகெலும்பு உடைய விழ வேண்டும் என்பதுகூட இல்லை. குனிந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் போதும். வயதான அம்மாவுக்குக் கூன் விழுவதும் உயரம் குறைவதும் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிற விஷயமல்ல. ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கியதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

இதை அளப்பது டெக்ஸா ஸ்கேன். அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் டி-ஸ்கோர்; இளவயதினரின் சராசரி அடர்த்தியோடு உங்கள் எலும்பை ஒப்பிடும் எண் அது. மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதாவது அடர்த்திக் குறைவின் தொடக்கம். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த இந்த எல்லைகள், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயது கடந்த ஆண்களுக்கும் பயன்படுகின்றன. இலவச முகாம்களில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்து அல்ட்ராசவுண்டில் ஓர் எண் எடுத்துத் தருவார்கள். அதற்கு இந்த எல்லைகள் பொருந்தாது. அதில் குறைவு என்று வந்தால் டெக்ஸா எடுக்க வேண்டும். அந்தத் தாளை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. சாப்பாட்டில் கிடைப்பதும் இந்தக் கணக்கில் சேரும்: 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240, 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறக்குறைய 350. கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. இந்த வகை மாத்திரை கரைய வயிற்று அமிலம் வேண்டும் என்பதால் சாப்பிட்டவுடன் போட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

ஆனால் ஆஸ்டியோபோரோசிஸ் வந்துவிட்ட பிறகு கால்சியம் துணை மருந்துதான். எலும்பு கரைவதைத் தடுக்க வேறு மருந்து வேண்டும். பரவலாகத் தரப்படும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒரு முறை மட்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோ பாலோ கூடாது. அதன்பின் அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும்.

வைட்டமின் டி-யில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. 60,000 யூனிட் உள்ள பொடி அல்லது மாத்திரை பெரும்பாலும் வாரம் ஒன்று என்று, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு எழுதப்படுவது. அதைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டாலோ, மாதக்கணக்கில் தானாகவே தொடர்ந்தாலோ ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், குழப்பமான பேச்சு, கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். மருந்துச் சீட்டில் ‘வாரம் ஒரு முறை’ என்று தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கிழமை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் பெரும்பாலும் முழு மருந்தாகவே அமைகிற ஒரு நோய் உண்டு: ஆஸ்டியோமலேசியா, எலும்பு மென்மையாதல். குழந்தைகளிடம் இதுவே ரிக்கெட்ஸ். உடம்பெங்கும் எலும்பு வலி, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமை இதன் அறிகுறிகள். இதையும் ‘தேய்மானம்’ என்று சொல்லி வலி மாத்திரையில் ஓட்டுகிறார்கள் என்பது வருத்தம்.

முழங்காலுக்கு வருவோம். தேய்மானம் என்ற சொல் ஓரளவுக்குப் பொருந்துவது இங்கேதான். நோயின் பெயர் ஆஸ்டியோஆர்த்ரைடிஸ். முதலில் தேய்வது எலும்பு அல்ல. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் மருத்துவர் கணிக்கிறார். அதனால் முழங்கால் எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்க வேண்டும். படுத்து எடுத்தால் எடை இறங்காமல் இடைவெளி அகலமாகக் காட்டிவிடும். அறிக்கையில் வரும் ‘ஆஸ்டியோஃபைட்’ என்பது மூட்டின் ஓரத்தில் உடம்பு தானே வளர்த்த எலும்பு முனை. ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்றதும் கட்டியோ என்று நடுங்க வேண்டாம். கால்சியம் குருத்தெலும்பை வளர்க்காது. உதவுவது தொடைத்தசையின் வலுவும் எடைக் குறைப்பும்தான். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ சுமை குறைகிறது. பயிற்சி எளிது: காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி 5 எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை.

முதுகெலும்பு நோய்களில் குழப்பம் பெயரின் வாலில் இருக்கிறது. ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் பெரும்பாலும் மாற்றம் அல்லது சிதைவு, ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி. (ஆஸ்டியோஆர்த்ரைடிஸில் அழற்சி குறைவு என்பதால் அந்தப் பெயரே முழுக்கச் சரியில்லை என்பவர்களும் உண்டு.) கழுத்து வலிக்கு எல்லோரும் சொல்லும் ‘ஸ்பாண்டிலைடிஸ்’ பெரும்பாலும் ஸ்பாண்டிலோசிஸ்தான், வயதோடு வரும் மாற்றம். உண்மையான ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் இளவயதில், பெரும்பாலும் 45-க்கு முன் தொடங்கும். பின்னிரவில் வலி எழுப்பிவிடும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும், ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். மூன்று மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் மூட்டு வாதவியல் மருத்துவரைப் பாருங்கள். விட்டுவிட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகக்கூடும். ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ் இன்னொன்று: ஒரு முதுகெலும்பு கீழுள்ளதன் மேல் நகர்ந்திருப்பது. கிரேடு 1 என்றால் கால் பங்கு வரை நகர்வு.

‘ஜவ்வு’ என்ற சொல்லும் இப்படித்தான். முழங்காலில் ஜவ்வு கிழிந்தது என்றால், எலும்புகளைப் பிணைக்கும் தசைநாரா (லிகமென்ட்), மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸா என்று கேளுங்கள். முதுகில் ஜவ்வு விலகியது என்றால் அது டிஸ்க், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு. எம்ஆர்ஐயில் ‘பல்ஜ்’ என்று இருப்பது லேசான புடைப்பு. வலியே இல்லாத பலருக்கும் இருக்கும். ‘எக்ஸ்ட்ரூஷன்’ என்றால் உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்கியிருக்கிறது. முதுகு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ அறிக்கைக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘முறிவு இல்லை, விரிசல்தான்’ என்பதும் தவறு. விரிசலும் முறிவுதான்; துண்டுகள் விலகவில்லை, அவ்வளவே. கையை ஊன்றி விழுந்து கட்டைவிரலின் அடிக்குழியில் வலித்தால், முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். அங்குள்ள ஸ்கேஃபாய்டு எலும்பின் விரிசல் முதல் நாளில் தெரியாமல் போவதுண்டு. கவனிக்காமல் விட்டால் ரத்த ஓட்டம் நின்று அந்த எலும்பு செத்துப்போகலாம். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டி எழுந்து நடக்கிறார், ஆனால் தொடையிடுக்கில் வலி என்கிறார் என்றால், தொடை எலும்பின் கழுத்தில் முறிந்த முனைகள் ஒன்றையொன்று குத்தி நிற்கும் முறிவாக இருக்கலாம். நடக்கிறாரே என்று விடாமல் அன்றைக்கே படம் எடுங்கள். ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொன்னால் முதுகின் கீழ்ப்பகுதியை எடுத்து அனுப்பிவிடக்கூடும். தொடை சேரும் மூட்டு என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.