மூணு நாளா ஆளைக் காணோமே: எடைக் குறைப்புக் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன?

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் வாட்ஸப் குழுவில் முதல் படம் வந்து விழும். எடை மிஷினின் சிவப்பு எண்கள், கீழே பத்துக் கால்விரல்கள். 84.3. ஒரு வார்த்தை இருக்காது. அடுத்த படம் 91.7, ‘நேற்று கல்யாணப் பந்தி, திட்டாதீர்கள்’ என்ற குறிப்போடு. மொத்தம் 14 பேர். பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கால்விரலைப் பார்த்து யார் என்று சொல்லிவிடுவேன்.

சேர்ந்த புதிதில் இது வெறும் விளையாட்டாகத்தான் தெரிந்தது. எடை குறைய என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாதவர் யார்? சோற்றைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், அவ்வளவுதானே. முதல் மாதம் எல்லோரும் குறைக்கத்தான் செய்கிறோம். சிக்கல் மூன்றாவது, நான்காவது மாதத்தில் வருகிறது. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, உடம்பும் சும்மா இருப்பதில்லை.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016இல் இதைக் கணக்கிட்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு வகை சர்க்கரை நோய் மாத்திரை, ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸைச் சிறுநீர் வழியாக வெளியேற்றிவிடும். அதைச் சாப்பிடுபவருக்குத் தினமும் சுமார் 360 கலோரி போய்க்கொண்டே இருக்கும், ஆனால் அது அவருக்கே தெரியாது. எடை குறையும். அப்போது பசி தானாக எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி ஏறியது. உடம்பு செலவழிக்கும் ஆற்றலோ கிலோவுக்கு 20 முதல் 30 கலோரிதான் குறைகிறது. அதாவது, எட்டு கிலோ குறைத்தவரின் வயிறு முன்பைவிட ஒரு முழுச் சாப்பாட்டைக் கூடுதலாகக் கேட்கிறது. இது ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிற பசியும் அல்ல. ஆஸ்திரேலியாவில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் லெப்டின், கிரெலின் போன்ற பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இத்தனை நாள் கூடவே இருப்பது எந்த மருத்துவராலும் ஆகாது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவரிடம் நாம் எல்லாவற்றையும் சொல்வதும் இல்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்த ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசிக்கும் இதே கதைதான். நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடல் பருமன் சிகிச்சை மையத்துக்குப் போய்வந்தார், எடையும் குறைந்துகொண்டிருந்தது. ஆனால் ஒளித்து வைத்துத் தின்ற சாக்லேட் பிஸ்கட் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்க முடியவில்லை. 1961இல் ஆறு தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அவர்களிடம் ஒப்புக்கொண்டார். பார்த்தால் அவர்களும் ஆளுக்கொன்றை ஒளித்து வைத்திருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனமானது. இன்று செல்போனில் நடப்பதெல்லாம் அந்த வரவேற்பறைக் கூட்டத்தின் நீட்சிதான் என்பேன்.

ஒப்புக்கொள்வதால் என்ன ஆகிறது? 1992இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ‘எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை’ என்று வந்தவர்களை அளந்து பார்த்தார்கள். தாங்கள் சாப்பிட்டதாகச் சொன்ன கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. பொய் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தை மிச்சம் வைத்த தட்டை வழித்துச் சாப்பிடுவதும், சமையலறையைக் கடக்கும்போது அள்ளும் ஒரு பிடி மிக்சரும் யாருடைய கணக்கில் வருகின்றன? தட்டைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்ற விதி இருந்தால், அந்தப் பிடி மிக்சர் கைக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு நொடி நிற்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் ஆறு நாள் சாப்பாட்டைக் குறித்து வைத்தவர்களுக்கு, ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோ குறித்தவர்களைப் போல் இரண்டு மடங்கு எடை குறைந்திருந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்தாலும் பலன் உண்டு. ஆனால் நோட்டுப் புத்தகம் ‘இன்னைக்கு ஏன் எழுதலை?’ என்று கேட்காதே.

அந்தக் கேள்விதான் குழுவின் உயிர் என்று நினைக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு மில்க்‌ஷேக் சோதனை இருக்கிறது. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை முன்னால் வைத்து ‘வேண்டிய அளவு ருசி பாருங்கள்’ என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள், வயிறு நிறைந்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டிப் பழகியவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நனைந்த பின் முக்காடு எதற்கு என்ற கதை. எடைக் குறைப்பைக் கெடுப்பது தீபாவளி லட்டு அல்ல, ‘போனது போச்சு, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று லட்டுக்குப் பிறகு நாம் விட்டுவிடுகிற இரண்டு மாதம். குழு லட்டைத் தடுக்காது. அந்த இரண்டு மாதத்தை நான்கு நாளாகச் சுருக்கப் பார்க்கும்.

சரி, இதெல்லாம் அளந்து பார்த்த சங்கதியா? 1999இல் ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 166 பேரை வைத்துப் பார்த்தார்கள். தனியாக வந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் நான்கு மாதப் பயிற்சியை முடித்தார்கள். குறைந்த எடையைப் பத்தாவது மாதம்வரை அப்படியே காப்பாற்றியவர்கள் 24 சதவீதம். மூன்று நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் இந்த எண்கள் 95, 66. பெரிய வித்தியாசம்தான். ஆனால் கூடவே மூன்று பேரை இழுத்துவரத் தெரிந்தவர் ஏற்கெனவே கொஞ்சம் முனைப்பான ஆளாகவும் இருக்கலாமே?

இந்த ‘இனம் இனத்தோடு சேரும்’ சிக்கல் இத்துறையில் எல்லா இடத்திலும் குறுக்கே வரும். நண்பர்கள் ஓடுகிறார்கள், நானும் ஓடுகிறேன். அவர்களைப் பார்த்து ஓடுகிறேனா, ஓட்டப் பிரியர்கள் என்பதால் நண்பர்களானோமா? 2017இல் சினான் அரல், கிறிஸ்டோஸ் நிகோலைடிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மழையை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கிட்டத்தட்ட 11 லட்சம் பேர் செயலியில் பகிர்ந்த ஓட்டக் கணக்கு அவர்களிடம் இருந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சென்னையில் மழை, நண்பர் ஓடவில்லை. கோவையில் வெயில், நான் ஓடத் தடையில்லை. சென்னை மழைக்கும் என் கால்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. அப்படியும் அன்று நான் குறைவாக ஓடினால், அது நண்பர் வழியாக வந்த பாதிப்பாகத்தான் இருக்க முடியும். கணக்குப் போட்டபோது, நண்பர்கள் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் அதே நாளில் நாமும் சுமார் 300 மீட்டர் கூடுதலாக ஓடுகிறோம் என்று வந்தது. அதைவிடச் சுவையான விஷயம், குறைவாக ஓடுபவர்கள் அதிகம் ஓடுபவர்களை உந்துகிறார்கள், திருப்பி அந்த அளவுக்கு இல்லை. முன்னால் போகிறவரை நாம் அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால்தான் வேகமெடுக்கிறோம்.

எங்கள் குழுவிலும் அதுதான். மராத்தான் ஓடும் ஒருவர் தினமும் 15 கிலோமீட்டர் படம் போடுவார். கும்பிட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். ஆனால் என்னைவிட அரைக் கிலோ கூடுதலாக இருந்த ஒருவர் ஒரு நாள் எனக்குச் சமமாக வந்துவிட்டார். அன்று ராத்திரி பரோட்டா எனக்கு இறங்கவில்லை.

அப்போது பாராட்டு? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 பேரைச் சேர்த்து 11 வாரம் நடத்தி 2016இல் வெளியிட்ட சோதனை இதில் கொஞ்சம் கசப்பான பதிலைத் தருகிறது. ஒருவரையொருவர் ஒப்பிட்டுப் பார்க்க எண்களைக் காட்டிய குழுக்கள், எதுவும் இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 90 சதவீதம் அதிகமாக உடற்பயிற்சி வகுப்புக்குப் போயின. பேசி ஊக்கப்படுத்திக்கொள்ள மட்டும் வசதி தந்த குழுக்களுக்கு அந்த லாபம் கிடைக்கவில்லை. ஆதரவு மட்டுமே இருக்கும் இடத்தில் எல்லோர் கண்ணும் வராதவர்கள் மேல் போகிறது, ‘அவரே வரலை, நமக்கென்ன’ என்று எல்லோரும் தளர்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். எனவே ‘சூப்பர்’, ‘வாழ்த்துகள்’, கைதட்டும் பொம்மை ஆகியவற்றின் மேல் எனக்கு இருந்த மரியாதை குறைந்துவிட்டது. கல்லூரி மாணவர்களிடம் செய்தது, எடையை அல்ல வருகையை அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

போட்டிக்கும் அதன் கோணல்கள் உண்டு. ஸ்டெப்ஸ் போட்டி வந்தால் செல்போனைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிறவர்கள் வருவார்கள், எங்கள் குழுவிலேயே ஒருவர் பிடிபட்டார். எடை மிஷின் தினமும் காட்டும் எண்ணும் முழுக்கக் கொழுப்பு அல்ல. தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரம் அது வடிந்து இரண்டு கிலோ ‘குறைந்த’ கொண்டாட்டம் நடக்கும். ஒரு பிரியாணி அதைத் திருப்பித் தந்துவிடும். சுமார் பத்தாண்டுக்கு முன்பு தமிழ் ஃபேஸ்புக்கில், சோறு போன்ற மாவுச்சத்தைத் தவிர்த்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் பேலியோ டயட் அலை வீசியபோது நூறு பாதாம், பட்டர் டீ, ரத்தப் பரிசோதனை அறிக்கை, முன்–பின் படங்கள் எல்லாம் நம் திரையை நிறைத்தன. பலருக்கு நிஜமாகவே பலன் கிடைத்தது. ஆனால் பின் படம் போடாமல் நழுவியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் குழுவும் ஒட்டி வைப்பதில்லை. சாப்பாட்டைக் கண்டு பயப்படும் அளவுக்கு ஒருவர் போய்விட்டால், குழு அவரைக் காப்பாற்றுவதைவிடத் தள்ளிவிடவே வாய்ப்பு அதிகம். அங்கே மருத்துவர்தான் வேண்டும்.

இந்த வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருவர் எங்கள் குழுவிலும் காணாமல் போனார். மூன்றாம் நாள் அட்மின் வழக்கம்போல் கேட்டார், பதில் இல்லை. அப்புறம் வாரம் ஒருமுறை கேட்டார். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை 6:14க்கு அந்த விரல்கள் வந்தன. போனபோது 85.2, இப்போது 88.9. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 6:16க்கு அடுத்தவரின் படம் விழுந்தது, 79.6.