உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு

மாங்குளம் பக்கம் குளக்கட்டுத் திருத்தத்தில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஓட்டும் தம்பி ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். உள்ளங்கையளவு பானை ஓடு. உட்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. "அடுப்பில வைச்சுக் கரி பிடிச்ச பானைதானே அண்ணை இது?" என்று கேட்டிருந்தார்.

இல்லை, தம்பி. வீட்டில் சோறு வடிக்கும் பானையைப் பாருங்கள். கரி பிடிப்பது வெளிப்பக்கத்தில்தான். இந்த ஓட்டில் உட்புறம் முழுக்கக் கறுப்பு. அது விளிம்பைத் தாண்டி வெளியே இரண்டு விரல் அகலம் இறங்கி நிற்கிறது, அதற்குக் கீழே சிவப்பு. சமையலில் இப்படி வராது. பானையைச் சுட்டவர் நினைத்துச் செய்த நிறம் இது. தொல்லியலில் கறுப்பு சிவப்பு மட்பாண்டம் என்பார்கள். தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர், இலங்கையில் பொம்பரிப்பு, அனுராதபுரம் எல்லா இடத்திலும் கிடைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 1980இல் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த ஈமக்குழியிலும், இங்கே பூநகரியிலும் கூட இருந்தது. ஒரு படத்தை வைத்து வயது சொல்ல முடியாதுதான். ஆனாலும் இந்த வகை பெரும்பாலும் கிறிஸ்துவுக்கு முந்தைய ஆயிரம் ஆண்டுகளுக்கும், அதை ஒட்டி வந்த சில நூற்றாண்டுகளுக்கும் உரியது.

சரி, ஒரே மண், ஒரே நெருப்பு. இரண்டு நிறம் எப்படி வந்தது?

களிமண்ணில் இரும்பு இருக்கிறது. காற்றோட்டத்தில் சூடானால் அது ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கும். நம் செம்மண்ணின் சிவப்பும் இதே இரும்பு ஒட்சைட்டுத்தான். அவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்தது.

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான். வன்னியில் கரி சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, மண்ணால் மூடி, புகைய விடுவார்கள். காற்றுப் போகாததால் விறகு சாம்பலாகாமல் கரியாக நிற்கும். மூட்டத்தில் எங்காவது வெடிப்பு விழுந்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைச் சாம்பலாகிவிடும். அந்தக் குயவர் பானைக்குள்ளே செய்தது ஒரு சின்னக் கரிமூட்டம். உமி, சருகு மாதிரி எதையோ பரப்பி, அதன் மேல் பானையைக் கவிழ்த்து, வாயை அதற்குள் புதைய விட்டார். சுற்றிவர விறகு மூட்டினார். வெளிப்பக்கம் காற்றும் நெருப்பும் பட்டுச் சிவந்தது. உள்ளே அடைபட்ட சருகு புகைந்தது. அந்தப் புகையின் காபன் களிமண்ணின் நுண்துளைகளில் போய்ப் படிந்தது. அதோடு நிற்கவில்லை. உள்ளே பிறந்த காபனோரொட்சைட்டு வாயு, இரும்பு ஒட்சைட்டிடமிருந்தே ஒட்சிசனைப் பறித்துக்கொண்டது. ஒட்சிசனை இழந்த இரும்பும் கறுத்துப்போனது. விளிம்புக்குக் கீழே தெரியும் அந்த இரண்டு விரல் கறுப்பு, வாய் எவ்வளவு ஆழம் புதைந்திருந்தது என்பதற்கான அடையாளம்.

இரண்டு முறை சுட்டிருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படிச் சுட்டாலும் ஆறும் நேரம்தான் ஆபத்தான நேரம். பானை தணலாக இருக்கையில் உள்ளே காற்றுப் புகுந்தால் படிந்த காபன் எரிந்துவிடும், கறுப்பு மறைந்து பழையபடி சிவக்கும். பானை சற்றுச் சரிந்தாலே போதும், அந்தப் பக்கத்தால் காற்று நுழைந்து ஒரு சிவப்புத் திட்டு விழும். அப்படித் திட்டு விழுந்த ஓடொன்றைப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் கையில் எடுத்துப் பார்த்தபோது, அந்தக் குயவர் ஒரு கணம் முகம் சுளித்திருப்பாரே என்று தோன்றியது. சூடு பார்க்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. சுமார் 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரை ஏறும் நெருப்பை, அதன் நிறத்தையும் புகையையும் பார்த்தே ஆண்டிருக்கிறார்.

இதையெல்லாம் சொல்லும் ஓடுகள் பைகளில் இலக்கமிட்டுக் கிடக்கின்றன. கழுவி, வரைந்து, பதிந்து வைக்க ஆள் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். பணம் ஒதுக்குபவர்கள் தங்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள் என்பது என் மனக்குறை. அதைவிடக் கொடுமை புதையல் தோண்டுவது. மை போட்டுப் பார்த்து, சேவல் அறுத்து, இரவோடிரவாகக் கிண்டுகிறார்கள். புதையல் கிடைப்பதில்லை. படை படையாகக் கிடந்த மண் கலைந்துவிடுகிறது, ஓட்டின் காலத்தைச் சொல்லக்கூடிய சாட்சியும் அதோடு போய்விடுகிறது.

தம்பி, உங்கள் ஓடு கட்டின் மேலே கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். கட்டுக்குப் போட்ட மண்ணை எந்த இடத்தில் வெட்டினீர்கள்? ஓட்டைக் கழுவாமல் வைத்து, அந்த இடத்தைப் படம் எடுத்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பெக்கோவை மறுபடி அங்கே இறக்குவதற்கு முதல் இதைச் செய்துவிடுங்கள்.