டயலின் சத்தத்தில் இருந்து தொடங்குங்கள்

பழைய சுழல் டயல் தொலைபேசி ஒன்று கைக்கு வந்தால் பலரும் முதலில் பார்ப்பது நிறம், பளபளப்பு, கீறல். நான் முதலில் பூஜ்யத்தில் விரலை விட்டு, கடைசிவரை இழுத்து, விட்டுவிட்டுக் காதைக் கொடுப்பேன். புதுப்பித்து விற்கப்படும் ஃபோனில் மேல்மூடி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம், அதை மாற்றுவது சில திருகுகளைக் கழற்றும் வேலைதான். டயல் எந்த ஊர் எக்ஸ்சேஞ்சோடு பேசப் பிறந்தது என்பதோ அதன் முகத்திலும் நடையிலும் எழுதியிருக்கிறது. அதைப் படிக்க, டயல் என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

ரிசீவரை எடுத்ததும் ஃபோனுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே மின்சுற்று மூடிக்கொள்கிறது. அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு அறுப்பதுதான் டயலின் ஒரே வேலை. 3 சுற்றினால் மூன்று முறை அறுக்கும், 0 சுற்றினால் பத்து முறை. ஒவ்வோர் அறுப்பும் ஒரு துடிப்பு. ரிசீவர் வைக்கும் கொக்கியை விரலால் சீராகத் தட்டியே நம்பர் போட முடிந்ததும் இதனால்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. நாம் இழுக்கும்போது எதுவும் அனுப்பப்படுவதில்லை. அப்போது உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறுகிறது, அவ்வளவுதான். விரலை எடுத்தபின், டயல் திரும்பும்போதுதான் துடிப்புகள் போகின்றன. அவசரக்காரர் வெடுக்கென்று இழுப்பார், முதியவர் நிதானமாக இழுப்பார். எக்ஸ்சேஞ்சுக்கு அந்த வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் திரும்பும் வேகத்தை முடிவு செய்வது உள்ளே இருக்கும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்படுத்தி. ஒரு சிறு கிண்ணத்துக்குள் இரண்டு எடைகள் சுழல்கின்றன. வேகம் கூடினால் அவை வெளிப்பக்கம் விரிந்து கிண்ணச் சுவரில் உரசும், வேகம் தணியும். இப்படி நொடிக்குச் சுமார் 10 துடிப்பு என்ற கணக்கு தவறாமல் நடக்கிறது. திரும்பும்போது கேட்கும் அந்த 'கிர்ர்ர்' இந்தப் பொறியமைப்பின் சத்தம்தான்.

மறுமுனையில் இந்தத் துடிப்புகளை எண்ணியது ஸ்ட்ரோஜர் சுவிட்ச். கான்சாஸ் சிட்டியில் இறுதிச்சடங்கு நிலையம் நடத்திய ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கியது. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவிட்சின் கை ஒரு படி ஏறும், அடுத்த எண்ணுக்குப் பக்கவாட்டில் நகரும். பெரிய எண்ணுக்குத் துடிப்பும் நேரமும் அதிகம். அதனால்தான் 1947இல் அமெரிக்கா பகுதிக் குறியீடுகளை வகுத்தபோது நியூயார்க்குக்கு 212 கிடைத்தது. மொத்தம் ஐந்தே துடிப்பு!

இப்போது டயலின் முகத்துக்கு வருவோம். பெரும்பாலான நாடுகளில் 1க்கு ஒரு துடிப்பு. சுவீடனிலோ 0க்குத்தான் ஒரு துடிப்பு, அதனால் அந்த டயலில் 1க்கு முன்னால் 0 நிற்கும். நியூசிலாந்தில் எண்களின் வரிசையே தலைகீழ், அங்கே 9க்கு ஒரு துடிப்பு, 1க்கு ஒன்பது. பிரிட்டனின் அவசர எண் 999, நியூசிலாந்தின் அவசர எண் 111. இரண்டிலும் கம்பியில் போனது ஒரே ஒன்பது ஒன்பது துடிப்புதான்.

எண்ணோடு எழுத்தும் இருந்தால் இன்னும் நல்லது. ஆங்கில 'ஓ' (O) எழுத்து 6இல் இருந்தால் அமெரிக்க வழக்கம். 0இல் இருந்தால் பிரிட்டன் அல்லது பிரான்ஸ் பக்கம் தேடலாம். எண்கள் சக்கரத்துக்கு வெளியே இருந்து, ஒவ்வொரு துளையின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது அமெரிக்க நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் 500 வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணை வெளியே தள்ளியதும் மக்கள் சுற்றும் வேகம் குறைந்துபோனது. கண்ணுக்கு இலக்கு வேண்டும் என்று புள்ளியைப் பரிந்துரைத்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கார்லின். துளைகளின் இடத்தில் அழுத்தும் பொத்தான்கள் இருந்தால், அது பழைய தோற்றத்தில் செய்த புதிய ஃபோன். அதற்குப் பழம்பொருள் விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து அடித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். 500 வகையில் டயலின் பின்புறம், மணி, ரிசீவரின் உட்பாகங்கள், மூடியின் உட்புறம் என்று பல இடங்களில் தயாரித்த தேதி இருக்கும். எல்லாத் தேதிகளும் பொருந்தும் ஃபோனுக்குச் சேகரிப்பவர்கள் மத்தியில் தனி மதிப்பு. தேதி கலந்திருந்தால் ஏமாற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் ஃபோன் வாடிக்கையாளருக்குச் சொந்தமில்லை, வாடகைக்குத்தான் தந்தார்கள். திரும்பி வந்ததைப் பட்டறையில் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, அடுத்த வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னிடம் உள்ள ஒன்றில் மூன்று வெவ்வேறு ஆண்டுகள் இருக்கின்றன. அது மூன்று முறை உழைத்த ஃபோன் என்றே நான் பார்க்கிறேன், தேதிகள் ஒத்துப்போகும் ஃபோனைவிட அதன்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

உடலைப் பற்றியும் கொஞ்சம். பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக் கனமானது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் கிருமிநாசினி போன்ற கார்பாலிக் வாடை லேசாக வரும். அது கறுப்பு, அடர்பழுப்பு போன்ற இருண்ட நிறங்களுக்கே ஏற்றது. பிரிட்டிஷ் 300 வரிசையின் தந்த நிற, பச்சை, சிவப்பு ஃபோன்கள் அக்ரிலிக் வகைப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டவை. 'தந்த நிற பேக்கலைட்' என்று யாராவது விற்றால் பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று உள்பக்கம் பாருங்கள். பேக்கலைட்டைச் சொரசொரப்பான தாளால் தேய்ப்பதுதான் பெரிய கொடுமை. மேலே உள்ள மெல்லிய பளபளப்புத் தோல் போனால் உள்ளே கலந்த மரத்தூள் வெளியே தெரியும், பழைய மினுமினுப்பு திரும்பாது.

பேசினால் எதிர்முனையில் குரல் கரகரவென்று கேட்டால் பயப்பட வேண்டாம். வாய்ப்பக்கம் உள்ள கார்பன் துகள்கள் இறுகிப்போயிருக்கும், லேசாகத் தட்டினால் பல நேரம் சரியாகும். நம்பர் போகவில்லை என்றாலும் டயலைச் சந்தேகிக்காதீர்கள். இன்றைய இணையவழி இணைப்புப் பெட்டிகள் பலவற்றுக்குத் துடிப்பு மொழியே புரியாது, நடுவில் ஒரு மாற்றி வைக்க வேண்டும். கம்பிகளைத் தொடும் முன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மணி அடிக்க வரும் மாறுமின்சாரம் 75 முதல் 90 வோல்ட்வரை இருக்கும், நன்றாகவே உதறும்.

அப்புறம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு மறுபடி பூஜ்யத்தைச் சுற்றுங்கள். பத்துத் துடிப்பு முடிய ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆக வேண்டும். தள்ளாடித் திரும்பினால் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. சுத்தம் செய்து, அச்சில் ஊசிமுனை அளவு எண்ணெய் வையுங்கள். கவர்னர் கிண்ணத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரசல் இல்லாவிட்டால் டயல் தறிகெட்டு ஓடும்.