காலையில் மட்டும் வரும் வயிற்று வலி

திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்த பதினைந்து வயதுப் பிள்ளை, பதினொரு மணிக்கெல்லாம் எழுந்து நடமாடினால் வீட்டில் விழும் முதல் தீர்ப்பு 'நடிப்பு'. பெரும்பாலும் அது நடிப்பில்லை, பள்ளிக்குப் போகும் பயம். பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ரத்த ஓட்டம் குடலில் குறைந்து தசைகளில் கூடுகிறது. வலி, குமட்டல், அடிக்கடி கழிப்பறைக்கு ஓடுவது எல்லாம் உடலில் நிஜமாகவே நடப்பவை. லீவு என்றதும் பயம் அடங்குகிறது, வலியும் போகிறது.

சிக்கல் அந்த நிம்மதியில்தான். 'போகாததால்தான் தப்பித்தேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஒரு நாள் லீவு மூன்று நாளாகிறது. விட்டுப்போன பாடம் குவிகிறது, 'ஏன் வரலை' என்று கேட்பார்களே என்ற கூச்சம் வேறு. இரக்கப்பட்டு நாம் செய்வதே பதற்றத்துக்குத் தீனியாகிவிடுகிறது.

அதற்காகத் தரதரவென்று இழுத்துப்போய் வகுப்பில் உட்கார வைப்பதும் வழியல்ல. பயத்தைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். பள்ளி வாசல்வரை போவது, நூலகத்தில் அரை மணி நேரம் இருப்பது, பிடித்த ஆசிரியரின் வகுப்பில் மட்டும் உட்காருவது, அரை நாள், முழு நாள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எவ்வளவு பயம் என்று பிள்ளையே மதிப்பெண் போடட்டும். 3 அல்லது 4 போட்ட படியில் தொடங்குங்கள். அது சலித்துப்போகும்வரை திரும்பத் திரும்பச் செய்த பிறகே அடுத்தது. இந்த முயற்சி பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெடுகிறது: பெரியவர்கள் அவசரப்பட்டுப் படி தாண்டுவது, பயம் உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்குக் கூட்டிவருவது. திடீர்ப் பீதி பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தைப் பிள்ளை அங்கேயே இருந்து உணர்வதுதான் சிகிச்சை.

ஒரு எச்சரிக்கை. பள்ளியில் அடி, மிரட்டல், பாலியல் சீண்டல் நடந்தால் இந்தப் படி ஏற்றம் கொடுமை. முதலில் அதை நிறுத்த வேண்டும். கண்டறியப்படாத கற்றல் குறைபாடு, தைராய்டு கோளாறு, ரத்தசோகை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். படபடப்பும் சோர்வும் அவற்றாலும் வரும்.

மூச்சுப் பயிற்சி எல்லோரும் சொல்வது. தப்பாகச் செய்வதும் அதைத்தான். மூக்கால் 4 எண்ணும்வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். வேகவேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் கூடும். தினமும் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். முதல் ஒத்திகை தேர்வறையில் என்றால் பலிக்காது.

'நல்லாப் படிச்சேன், எல்லாம் மறந்துபோச்சு' என்பதற்கு இரண்டு காரணங்கள். கவலை, மனம் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இன்னொன்று, படித்த விதம். திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகியதுபோல் தோன்றும், ஆனால் நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம் வராது. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். பதற்றம் குறைய இதைவிட நல்ல மருந்து குறைவு.

தூக்கத்தை வெட்டிப் படிப்பது நஷ்டக் கணக்கு. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போவதால் 'சீக்கிரம் படு' என்ற அதட்டல் எடுபடாது. எழும் நேரத்தை முதலில் நிலையாக்குங்கள், விடுமுறையிலும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறத்தாழ பாதி இரவு பதினொன்றுக்கும் உடலில் இருக்கும்.

'பயப்படாதே' என்ற சொல்லை விட்டுவிடலாம். 'பயமா இருக்குன்னு தெரியுது. எந்தப் பீரியடை நினைச்சா ரொம்ப வருது?' என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பள்ளி, சாப்பாடு, தூக்கம், நட்பு இவற்றில் எது குலைந்தாலும் உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, உடலைக் கீறிக்கொண்டாலோ 'தற்கொலை எண்ணம் வருதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.