ஐ.வி.எஃப்.பில் பிறந்த பிள்ளை: முதலில் வாரக் கணக்கைப் பாருங்கள்

"டெஸ்ட் டியூப்ல உண்டான பிள்ளைக்கு மூளை வளர்ச்சி சரியா இருக்குமா?" பச்சிளம் குழந்தைகள் வார்டு வாசலில் ஆச்சிமார் குரலைத் தணித்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. ஆய்வகத்தில் உண்டாக்கிய கருவைத் தாயின் கருப்பையில் வைக்கிற சிகிச்சைதான் ஐ.வி.எஃப். நிறைமாதத்தில், ஒற்றைப் பிள்ளையாக, சரியான எடையோடு பிறந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பேச்சு, நடை, படிப்பு எதிலும் இயற்கையாக உண்டான பிள்ளைக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1978இல் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், பின்னாளில் இயற்கையாகவே கருத்தரித்துத் தாயானார்.

சிக்கல் வருவது குறைமாதத்தாலும் இரட்டைப் பிள்ளைகளாலும்தான். இரட்டைப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியுமுன்னே பிறந்துவிடுகின்றன. இரண்டு கருவை வைத்தால்தான் இரட்டை என்றில்லை, ஆய்வகத்தில் ஐந்து நாள் வளர்த்து வைக்கிற 'ஐந்தாம் நாள் கரு' ஒன்றே இரண்டாகப் பிரிவதும் உண்டு. 11 முதல் 13 வாரத்துக்குள் எடுக்கிற ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே நஞ்சுக்கொடி என்றால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் தேவை.

ஒற்றைப் பிள்ளையிலும் குறைமாதம், எடைக்குறைவு கொஞ்சம் கூடுதல்தான். உறைய வைக்காத கருவில் பிள்ளை சிறுத்தும், உறைய வைத்த கருவில் சற்றுப் பெருத்தும் பிறக்க வாய்ப்பு அதிகம். பின்னதில் தாய்க்கு ரத்த அழுத்தமும் ஏறலாம். எல்லாப் பழியையும் ஆய்வகத்தின் மேல் போட முடியாது. தாயின் வயது, சர்க்கரை, குழந்தை தங்காமல் போன அதே காரணம் எல்லாம் இதில் சேரும். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று இயற்கையாகவும் மற்றது சிகிச்சையிலும் உண்டாகியிருந்தால், அவற்றுக்குள் இந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிடுகிறது.

பிறவிக் குறை எந்தப் பிரசவத்திலும் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று. சிகிச்சையில் அது சற்றுக் கூடும், அதிலும் இதயக் குறை. அதனால் 18 முதல் 24 வாரத்துக்குள் கருவின் இதயத்துக்குத் தனி எக்கோ எடுக்க வேண்டும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறவிக் காது கேளாமையையும் சில மரபு நோய்களையும் சொந்தத் திருமணம் கூட்டுகிறது. பழி மட்டும் ஐ.வி.எஃப்.புக்குப் போய்விடுகிறது.

மதுரையிலோ சென்னையிலோ சிகிச்சை எடுத்துவிட்டு, பேறுகாலத்துக்கு அம்மா வீடு இருக்கிற, நெல்லை மாவட்டத்து வள்ளியூருக்கோ களக்காட்டுக்கோ வருகிறார்கள். கரு வைத்த தேதி எழுதிய தாள் அங்கேயே தங்கிவிடுகிறது. சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாதென்று இங்குள்ள மருத்துவரிடமும் மறைத்துவிடுகிறார்கள். மாதவிலக்குத் தேதியை வைத்து எண்ணினால் உறைகரு சிகிச்சையில் நாலைந்து நாள் பிசகலாம். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த தேதியோடு 261 நாள், மூன்றாம் நாள் கரு என்றால் 263 நாள் கூட்டுங்கள். மார்ச் 1இல் ஐந்தாம் நாள் கரு வைத்தால் நவம்பர் 17. இதைவிடத் துல்லியமான பேறுகாலத் தேதி வேறெந்தத் தாய்க்கும் கிடைக்காது.

இந்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டே பலர் 37ஆம் வாரத்தில் நல்ல நட்சத்திரம் பார்த்து சிசேரியன் கேட்கிறார்கள். தவமிருந்து பெறுகிற பிள்ளை என்ற பதற்றம் புரிகிறது. ஆனால் வலி வருமுன் அப்படி எடுக்கிற பிள்ளைக்கு நுரையீரலில் உள்ள நீர் வற்றாமல் மூச்சிரைக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் கிடக்க வேண்டி வரும். வேறு சிக்கல் இல்லாத ஒற்றைப் பிள்ளைக்கு 39 வாரம் முடியட்டும். அழுத்தம் ஏறினாலோ வளர்ச்சி நின்றாலோ மருத்துவர் முன்கூட்டியே எடுப்பது வேறு. 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகும்போலிருந்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒன்றாக நான்கு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் பலப்படும்.

பிறந்த பிறகு எடை குறைந்த பிள்ளைக்கு முதல் ஆபத்து ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது. 45க்குக் கீழே போனால் கைகால் நடுங்கலாம், அல்லது பால் குடிக்காமல் துவண்டு கிடக்கலாம். சர்க்கரைதானே குறைகிறது என்று சேனை தொட்டு வைக்கக் கருப்பட்டித் தண்ணீரோ தேனோ கொண்டுவருகிறார்கள். வேண்டாம். முதல் நாளில் பிள்ளையின் வயிறு கொள்வது ஒரு தேக்கரண்டி அளவுதான். அந்த இடம் சீம்பாலுக்கு உரியது. இனிப்புத் தண்ணீரால் கிருமி உள்ளே போகும், பால் குடிப்பது குறையும்; தேனை ஒரு வயதுவரை தொடவே கூடாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குச் சப்பி விழுங்கத் தெரியாது. உறிஞ்சத் தெரியும்வரை, மருத்துவர் சொல்கிறபடி, பீய்ச்சிய தாய்ப்பாலைக் குழாயிலோ, கொதிக்க வைத்த சங்கிலோ பாலாடையிலோ இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை அம்மாவின் வெறும் நெஞ்சோடு கட்டி வையுங்கள், ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல். அப்பாவும் ஆச்சியும் மாற்றிக்கொள்ளலாம்.

34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், பிள்ளை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் 30 நாள் முடியுமுன் கண்ணின் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்ததற்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. தவறினால் பார்வையே போகலாம், பிறகு மீட்க முடியாது. காது கேட்கும் சோதனை ஒரு மாதத்துக்குள்.

தடுப்பூசியைப் பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும், குறைமாதம் என்று தள்ளக்கூடாது. வளர்ச்சியை மட்டும் இரண்டு வயதுவரை திருத்திய வயதில் பாருங்கள். 32 வாரத்தில் பிறந்தது எட்டு வாரம் முந்தி வந்தது, ஆறு மாதத்தில் அதை நாலு மாதப் பிள்ளையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தத் திருத்திய கணக்கிலும் மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டாலோ, ஐந்து மாதத்தில் கழுத்து நிற்காவிட்டாலோ, பத்து மாதத்தில் தானே உட்காராவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். அரசு நடத்தும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கட்டணமில்லாமல் தருகிறார்கள். நெல்லையில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் அட்டையோடு கரு வைத்த தேதித் தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.