அமிலாய்டு: அமிலமும் இல்ல, மாவும் இல்ல

அல்சைமர்ங்கிற மறதி நோய்க்கான டெஸ்ட் ரிப்போர்ட்ல அமிலாய்டு பீட்டா 42னு ஒரு புரதத்தோட பேர்ல ஒரு வரி வரும், அதைப் படிச்சுட்டு மூளைக்குள்ள ஏதோ ஆசிட் சுரக்குது போலன்னு பயந்துடாதீங்க. அமிலம்ங்கிறது வடமொழி அம்லத்துல இருந்து வந்தது, புளிப்புன்னு அர்த்தம். அமிலாய்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது, காதுக்கு ஒண்ணு போல கேக்குது அவ்ளோதான்.

அமிலாய்டுங்கிற பேரோட மூலம் கிரேக்க மொழியில அமிலோன், அதாவது ஸ்டார்ச், நாம மாப்பொருள்னு சொல்றது. நேரடி அர்த்தம் இன்னும் அழகு: திரிகைல அரைக்காமலே எடுத்த மாவு. 1854ல ருடால்ஃப் விர்ஹோனு ஒரு ஜெர்மன் டாக்டர் மூளைத் திசுல இருந்த சில படிவுகள் மேல அயோடின் விட்டுப் பார்த்தாரு, ஸ்கூல் லேப்ல ஸ்டார்ச்சுக்கு வருமே அந்த மாதிரி நீல நிறம் வந்துச்சு, சரி மாவு மாதிரி ஏதோ பொருள்தான்னு இந்தப் பேரை வச்சுட்டாரு. அஞ்சே வருஷத்துல, 1859ல, அமிலாய்டு படிவு புரதம் சார்ந்ததுன்னு வேற ரெண்டு பேர் காட்டிட்டாங்க, ஆனா பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

தமிழ்ல என்ன சொல்லலாம்? ஆல்கலாய்டுக்கு காரப்போலி, மெட்டலாய்டுக்கு உலோகப்போலினு ஏற்கனவே இருக்கு, அதே வழியில மாப்போலினு சொன்னா பொருத்தமா இருக்கும்ங்கிறது என் கருத்து. மாவு மாதிரி தெரிஞ்சு ஏமாத்துனதுதானே, போலிங்கிற சொல் அதையும் சேர்த்தே சொல்லிடுது.

பேரு மட்டும் இல்ல, ரிப்போர்ட்ல வர்ற நம்பரும் ஏமாத்தும். முதுகுத்தண்டுல ஊசி போட்டு எடுக்குற மூளைத் தண்டுவடத் திரவத்துல இந்த 42 கம்மியா இருந்தா அது நல்ல செய்தி இல்ல, புரதம் மூளையிலயே படிஞ்சு தங்கிடுறதால திரவத்துக்கு வர்றது குறையுது. கூடவே பாக்குற டௌ புரதம் தலைகீழ், அது ஏறினாதான் கவலை. அதனால ரெண்டையும் வகுத்து விகிதமா பாப்பாங்க. மறதி வெளியில தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே படிவு ஆரம்பிச்சுடும், சீக்கிரமே கண்டுபிடிக்க முடியுதுன்னா அதனாலதான்.

2025 மே மாசம் அமெரிக்காவுல அல்சைமரைக் கண்டுபிடிக்க உதவுற முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி குடுத்தாங்க, அதுலயும் டௌ புரதத்துல ஒரு வகையான டௌ 217, அமிலாய்டு 42 ரெண்டோட விகிதம்தான். ஆனா அது 55 வயசும் அதுக்கு மேலயும் ஆகி, ஏற்கனவே அறிகுறி இருக்குறவங்களுக்கு மட்டும், அதையும் டாக்டர் மத்த பரிசோதனைகளோட சேர்த்துதான் பாக்கணும்.