90 நொடிக் காத்திருப்பு: லினக்ஸ் கணினி தாமதமாகத் தொடங்கும்போது பார்க்க வேண்டியவை

அண்மையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீடு இயங்கும் கணினி ஒன்றைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஆன் செய்தால் நுழைவுத் திரை வருவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது என்பது அவர்கள் குறை. நான் போவதற்கு முன்பே ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஜிபியாக உயர்த்தியிருந்தார்கள்; அதனால் பயன் இல்லை என்றதும் ஃபார்மட் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து அதற்கு நாளும் குறித்திருந்தார்கள். நான் கணினியை மறுபடி தொடங்கி, உபுண்டு சின்னம் தெரியும் நேரத்தில் எஸ்கேப் விசையை அழுத்தினேன். சின்னம் விலகி எழுத்துகள் ஓடின. சற்று நேரத்தில் ஒரே வரியில் நின்றுவிட்டன. அந்த வரியின் இடது ஓரத்தில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக நகர்ந்தன. பக்கத்தில் ஒரு வட்டுப் பகுதியின் நீண்ட அடையாள எண். அதன் எதிரே நொடிக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1 நிமிடம் 30 நொடியைத் தொட்டதும் அந்த வரி மறைந்தது, சில நொடிகளில் நுழைவுத் திரை வந்துவிட்டது.

இந்த 90 நொடி தற்செயலானது அன்று. இன்றைய லினக்ஸ் வெளியீடுகளில் பெரும்பாலானவற்றைத் தொடக்கி வைப்பது 2010இல் உருவாகி, 2011இல் ஃபெடோரா 15 வழியாகவும் 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 வழியாகவும் பரவலான சிஸ்டம்டி என்ற நிரல். தேவையான சேவைகளை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல், இயன்றவரை ஒரே நேரத்தில் தொடக்குவது அதன் முறை. ஏதேனும் ஒரு வட்டுப் பகுதி தேவை என்று எஃப்எஸ்டேப் என்ற அமைப்புக் கோப்பில் எழுதியிருந்து அந்தப் பகுதி கண்ணில் படாவிட்டால், அது 90 நொடி காத்திருந்து பார்த்த பின்பே கைவிடும். அந்த அலுவலகக் கணினியில் சில மாதங்களுக்கு முன் வேறொரு லினக்ஸை அருகிலேயே நிறுவிப் பார்த்திருக்கிறார்கள். அந்த நிறுவல், ரேம் போதாதபோது துணைக்கு வரும் ஸ்வாப் என்ற வட்டுப் பகுதியைப் புதிதாக வடிவமைத்ததால் அதன் யூயூஐடி என்ற அடையாள எண் மாறிவிட்டது. பழைய உபுண்டுவின் எஃப்எஸ்டேப் கோப்போ, இல்லாத அந்தப் பழைய எண்ணையே ஒவ்வொரு நாளும் தேடிக்கொண்டிருந்தது. இதற்கும் ரேமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பிஎல்கேஐடி கட்டளை காட்டும் உண்மையான எண்ணையும் எஃப்எஸ்டேபில் உள்ள எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தவறான வரியைத் திருத்தினால் போதும். ஆனால் அந்தக் கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஸ்வாப் வரியில் பிழை இருந்தால் தாமதத்தோடு போய்விடும். தரவுப் பகுதியின் வரியில் பிழை நேர்ந்தால் கணினி அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். டெபியன் வழி வந்தவற்றில் ரெஸ்யூம் என்ற கோப்பிலும் பழைய ஸ்வாப் எண் தங்கியிருப்பது உண்டு. அதையும் திருத்தி தொடக்கத்தில் கெர்னலோடு ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்புத் தொகுப்பைப் புதுப்பித்தால்தான் தாமதம் முழுமையாக நீங்கும். அவ்வப்போது மட்டும் செருகும் வெளி ஹார்ட் டிஸ்க்கை எஃப்எஸ்டேபில் சேர்ப்பவர்கள் அது செருகப்படாவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தாத நோஃபெயில் என்ற விருப்பத்தையும், எத்தனை நொடி காத்திருக்கலாம் என்ற வரம்பையும் சேர்த்தே எழுத வேண்டும்.

திரையில் இவ்வளவு தெளிவாகக் காரணம் தெரியாத கணினிகளே அதிகம். அவற்றில் அளந்து பார்த்த பின்பே எதையும் மாற்ற வேண்டும். டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் என்று கொடுத்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எவ்வளவு நேரம் எடுத்தது, அதன் பின் சேவைகள் எவ்வளவு நேரம் எடுத்தன என்று பிரித்துக் காட்டும். பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் கணினியானால், போர்டிலேயே பதிந்துள்ள ஃபர்ம்வேரும் லினக்ஸை ஏற்றிவிடும் பூட் லோடரும் எடுத்த நேரமும் சேர்ந்து வரும். ஃபர்ம்வேர் மட்டும் 20 நொடி தின்கிறது என்றால் லினக்ஸுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. பயாஸ் அமைப்பில் நெட்வொர்க் பூட் முதல் இடத்தில் இருக்கிறதா, தேவையற்ற யூஎஸ்பி சாதனம் செருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லோடரின் நேரம் அதிகமானால் பெரும்பாலும் அது கிரப் என்ற பூட் லோடரின் பட்டியல் நம் தேர்வுக்காகக் காத்திருக்கும் நேரம்.

சேவைகளின் பகுதி நீண்டால் எல்லோரும் பிளேம் என்ற துணைக் கட்டளையைப் போட்டு, பட்டியலில் முதலில் வருவதை அணைத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. அந்தப் பட்டியல் ஒரு சேவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்கிறதே தவிர, அது உழைத்ததா, வேறொன்றுக்காகக் காத்திருந்ததா என்று சொல்வதில்லை. தொடக்கச் சின்னத் திரை விலகும் வரை நிற்கும் பிளைமவுத்-குவிட்-வெயிட் போன்றவை மேலே நிற்பது அவற்றின் வேலையே காத்திருப்பது என்பதால்தான். எந்தச் சேவையின் தாமதம் மற்றவற்றையும் சேர்த்துத் தடுத்தது என்பதைக் காட்டுவது கிரிட்டிக்கல்-செயின் என்ற மற்றொரு துணைக் கட்டளை. நான் அதையே முதலில் படிப்பேன். அதில், வலையமைப்பு இணையும் வரை காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் நெடுநேரம் பிடித்திருந்தால், வீட்டுக் கணினியில் அதை முடக்குவதால் பொதுவாகத் தீங்கில்லை. அலுவலக சர்வரின் கோப்புறையைத் தொடக்கத்திலேயே இணைத்துக்கொள்ளும் கணினியிலோ, வலையமைப்பு வந்த பிறகே தொடங்க வேண்டிய தரவுத்தளம் உள்ள கணினியிலோ அதே செயல் காலையில் கோப்புகள் காணவில்லை என்ற பதற்றத்தில் கொண்டுபோய் விடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, நேற்று வரை ஒழுங்காகத் தொடங்கிய கணினி திடீரென்று தாமதமாவது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் ஏடிஏ என்று தொடங்கும் பிழை வரிகளும், இணைப்பை மீட்டமைப்பதாகச் சொல்லும் வரிகளும் மீண்டும் மீண்டும் வந்தால், வட்டைப் படிக்க முடியாமல் கணினி திணறுகிறது என்று பொருள்; பெரும்பாலும் வட்டோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கும். வட்டே தேய்ந்திருந்தால், ஃபார்மட் போடுவது அதற்கு மேலும் வேலை கொடுப்பதோடு உள்ளே இருக்கும் தரவையும் இழக்கச் செய்யும். முதலில் தரவைப் பிரதி எடுங்கள். கணினி தொடங்கவே மறுத்தால் பென் டிரைவில் உள்ள லினக்ஸ் வழியாகத் தொடங்கி எடுங்கள். பிறகு, வட்டின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டும் அட்டவணையைப் பாருங்கள். 5ஆம் எண் வரிசை, பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் எனும் சிறு தரவுக் கட்டங்களையும் 197ஆம் எண் வரிசை, ஐயத்தில் நிற்கும் செக்டர்களையும் சொல்லும். இவை நாளுக்கு நாள் ஏறினால் அந்த வட்டை நம்பி எதையும் வைக்கக் கூடாது.

199ஆம் எண் வரிசை வேறு கதை சொல்லும். ஒரு அச்சகத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று புதிது வாங்கவிருந்த நேரத்தில் அந்த அட்டவணையைப் பார்த்தேன். 5, 197 இரண்டும் சுழியாக இருந்தன. 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அது வட்டுக்கும் போர்டுக்கும் இடையில் தரவு சிதைந்து போகும் கணக்கு. பெட்டியைத் திறந்தபோது சாட்டா கேபிள், விசிறியின் கம்பிகளுக்கு அடியில் மடிந்து, முனை பாதி கழன்ற நிலையில் இருந்தது. வேறு கேபிள் போட்டு, அன்றைய எண்ணைக் குறித்து வைத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அதே எண்தான் இருந்தது.